தொலைநிலைக் கல்வியில் குறும்பதிவும் சமூக ஊடகமும்

கெலுகோரில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1969ஆம் ஆண்டு பினாங்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றியது. 1971ஆம் ஆண்டிலேயே வளாகத்திற்கு வெளியே இருந்து பட்டம் பயிலும் திட்டத்தைத் தொடங்கி, இந்நாட்டில் தொலைநிலைக் கல்விக்கு வழிகாட்டியது. பகலில் வேலை பார்த்து இரவில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நம் சமூகத்தில் பலர் உள்ளனர். அச்சிட்ட பாடநூலும் அஞ்சலும் அவர்களுக்கு வகுப்பறையாக இருந்தன. இன்று அந்த இடத்தில் இணையம் இருக்கிறது. இணையவழிப் பாடத்தில் குறும்பதிவையும் சமூக ஊடகத்தையும் கற்பித்தல் கருவிகளாக எவ்வாறு பயன்படுத்தலாம், குறிப்பாகத் தமிழ்ப் பாடத்திற்கு அவை எந்த அளவு உதவும் என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

தூரம் என்பது எது?

தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையிலான தூரத்தை மைல் கணக்கில் அளக்கவில்லை. உரையாடல், பாடத்தின் கட்டமைப்பு, மாணவரின் தற்சார்பு ஆகிய மூன்றைக் கொண்டே அளந்தார். உரையாடல் குறைந்தால் தூரம் கூடும். தொலைநிலை மாணவர் படிப்பை விட்டுவிடுவது பெரும்பாலும் ஓசையின்றி நடக்கிறது. ஒரு ஐயம் தீராமல் நிற்கும். ஒரு பயிற்சி தள்ளிப்போகும். பிறகு அவர் பெயர் பட்டியலில் மட்டும் இருக்கும். அந்த முதல் ஐயத்தை உரிய நேரத்தில் கேட்க ஒரு வாயில் வேண்டும். சமூக ஊடகத்தை நான் அந்த வாயிலாகவே பார்க்கிறேன்.

ஆய்வுகள் கூறுவன

2006இல் தொடங்கிய டுவிட்டர், 140 இடங்களுக்குள் எழுதும் குறும்பதிவு முறையை உலகெங்கும் பரப்பியது. 2011இல் ரெனால் ஜன்கோவும் அவருடன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அமெரிக்காவில் 125 முதலாண்டு மாணவர்களில் 70 பேர் டுவிட்டர் வழியாகவும், 55 பேர் அது இன்றியும் 14 வாரங்கள் பயின்றனர். முதல் குழுவினரின் ஈடுபாடும் தேர்ச்சிப் புள்ளியும் உயர்ந்திருந்தன. ஆனால் அங்கு விரிவுரையாளர்களும் மாணவர்களோடு தொடர்ந்து எழுதினார்கள் என்பதை மறக்கலாகாது. கணக்கைத் திறந்து கொடுத்ததால் மட்டும் அந்தப் பயன் விளைந்தது எனக் கொள்ள இயலாது.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் டன்லப், லோவன்தால் இருவரும் இணையவழிப் பாடத்தில் டுவிட்டரைப் பயன்படுத்தி 2009இல் எழுதிய கட்டுரையும் இதையே வலியுறுத்துகிறது. பாடத்தோடு உள்ள தொடர்பை விளக்குக. எதிர்பார்ப்பைத் தெளிவாகக் கூறுக. ஆசிரியர் தாமே எழுதிக் காட்டுக. மதிப்பீட்டில் இடம் தருக. தொடர்ந்து பங்குபெறுக என்பன அவர்கள் தரும் நெறிகள்.

தமிழுக்கு உள்ள தனிக் கணக்கு

மேற்கண்ட ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதியோரைப் பற்றியவை. தமிழில் எழுதும்போது ஒரு வேறுபாடு உண்டு. யூனிகோடு முறையில் மெய்யெழுத்துக்கும் பெரும்பாலான உயிர்மெய்க்கும் இரண்டு இடங்கள் செலவாகின்றன. ‘தமிழ்’ என்பதில் எழுத்து 3, இடம் 5. ‘வணக்கம்’ என்பதில் எழுத்து 5, இடம் 7. ‘கற்பித்தல்’ என்பதில் எழுத்து 6, இடம் 10. ஆக, 14 எழுத்துகளுக்கு 22 இடங்கள். இந்த விகிதத்தில் 140 இடங்களுக்குள் ஏறத்தாழ 89 தமிழ் எழுத்துகளே அடங்கும். 2017 நவம்பரில் எல்லை 280 ஆன பிறகே நமக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. 2023 ஜூலையில் அத்தளம் எக்ஸ் எனப் பெயர் மாறியது.

எனினும் சுருக்கம் நமக்குப் புதிதன்று. ஏழு சீரில் ஒரு முழுக் கருத்தைச் சொன்ன குறள் வெண்பாவின் மரபு நம்முடையது. கைத்தொலைபேசியில் தமிழில் எழுதும் வழியையும் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் தமது செல்லினம் வழி 2005ஆம் ஆண்டிலேயே அமைத்துத் தந்தார்.

பாடத்தில் பயன்படுத்தும் முறை

இலக்கணப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்வரும் மூன்று பயிற்சிகளை நான் பரிந்துரைக்கிறேன்.

1. ஊர்ப் பலகை. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் காணும் தமிழ்ப் பெயர்ப்பலகையில் ஒரு சொற்புணர்ச்சியைக் கண்டு எழுத வேண்டும். ‘தமிழ்பள்ளி’ என்று இருந்தால், ‘தமிழ்ப்பள்ளி’ என வலி மிகுவது ஏன் என்று விளக்க வேண்டும். தமிழைக் கற்பிக்கும் பள்ளி என விரிவதால் இஃது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. எனவே வல்லினம் மிகும். நூற்பாவைப் படித்தால் மறந்துபோகும். தன் தெருவில் கண்டது மறக்காது. ஜொகூரிலிருந்து ஒருவரும் சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவரும் எழுதும்போது, பிரிந்திருப்பதே பாடத்திற்கு வளமாகிறது. எழுதியவரையோ கடையையோ அடையாளம் காட்டலாகாது.

2. ஒரு பதிவில் ஓர் இயல். வாரத்தின் பாடத்தை 280 இடங்களுக்குள் சுருக்குதல். எதை விடுவது என்று முடிவுசெய்ய, எது இன்றியமையாதது என்று தெரிந்திருக்க வேண்டும். புரிதலுக்கு இதைவிட நல்ல சோதனை அரிது.

3. ஐயமும் விடையும். ஐயம் எழுந்தால் முதலில் சக மாணவர் ஒருவர் விடையளிக்க வேண்டும். ஒரு நாளுக்குள் ஆசிரியர் அதை உறுதிப்படுத்தவோ திருத்தவோ வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, தனியுரிமை. புலனக் குழுவில் சேர்ந்தால் கைப்பேசி எண் எல்லாருக்கும் தெரியக்கூடும். மாணவரின் இசைவு பெற்றே சேர்க்க வேண்டும். சேர விரும்பாதவருக்கு மாற்றுவழி இருக்க வேண்டும். மதிப்பெண்ணைக் குழுவில் வெளியிடவே கூடாது.

இரண்டாவது, நிலையாமை. ஆர்குட் 2014இலும், கூகிள் பிளஸ் 2019இலும், கல்விக்கென்றே இயங்கிய எட்மோடோ 2022இலும் மூடப்பட்டன. எனவே மாணவரின் எழுத்தும் மதிப்பீடும் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கற்றல் தளத்திலும் இருக்க வேண்டும். சமூக ஊடகம் திண்ணையாக இருக்கட்டும், பெட்டகமாக வேண்டா.

மூன்றாவது, வசதி வேறுபாடு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து வகுப்புகள் இணையத்திற்கு மாறியபோது, ஒரே வீட்டில் ஒரு கைப்பேசியைப் பலர் பகிர்ந்துகொண்ட நிலையைக் கண்டோம். காணொளி ஓடாத இணைப்பிலும் எழுத்து வரிகள் போய்ச் சேரும். குறும்பதிவின் பெரும் பயன் இதுவே என்பது என் கருத்து.

முடிவுரை

கருவி மாறிக்கொண்டே இருக்கும். இன்று எக்ஸ், டெலிகிராம், புலனம், நாளை வேறொன்று. கேட்பவருக்கு மறுமொழி கிடைக்கிறதா என்பதே மாறாத கேள்வி. ஆசிரியப் பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் தங்கள் வகுப்பில் ஒரு பருவத்திற்கேனும் இதனை முயன்று பார்க்கலாம். இன்று பயில்வோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் குழுவில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதாமல் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். நாள்தோறும் நான்கு வரி பிழையின்றி எழுதப் பழகியவருக்குத் தேர்வுத்தாளில் நான்கு பக்கம் எழுதுவது சுமையாக இராது. அடுத்த முறை குழுவில் ஒருவர் ஐயம் கேட்டு எழுதினால், ஒரு வரியாவது மறுமொழி தாருங்கள். அந்த ஒரு வரி அவரைப் படிப்பில் நிலைக்கச் செய்யலாம்.