படு முறையும் இணைய நெரிசலும்

பழவேற்காட்டு ஏரி மீனவர்தம் வாழ்வை ஆராய்ந்தோர் தவறாது சுட்டும் வழக்கம் ஒன்றுண்டு. அதற்குப் 'படு' என்று பெயர். ஏரியின் எந்தக் களத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டும் முறை மாற்றியும் வரையறை செய்யும் ஏற்பாடே படு. 'இன்றைக்கு மீன்பாடு எப்படி?' என்று கரையில் வினவுவதை நாம் கேட்டிருக்கிறோம். மீன் வலையில் படுவது பாடு; அது படும் களமும் முறையும் படு என்று கொள்வது பொருந்தும் எனத் தோன்றுகிறது. சொல்லாராய்ச்சியாளர் இதனினும் நல்ல விளக்கம் தந்தால் மகிழ்ச்சியே.

இவ்வழக்கத்திற்கும், தேர்வு முடிவு நாளில் திறவாமல் நம்மை அலைக்கழிக்கும் இணையதளங்களுக்கும் யாது தொடர்பு என்று மாணாக்கர் வினவலாம். தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று பெரியோர் வியக்கலாம். சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் ஆகிய யாவும் இணையத்திற்குச் சென்றுவிட்ட இக்காலத்தில், 'எந்தச் சர்வரை வாங்கினால் கூட்டத்தைத் தாங்கும்?' என்னும் வினா கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டங்களிலும் எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காணப் படு முறை பெரிதும் துணை செய்யும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஏரியும் களமும்

இந்திய உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவிற்கு அடுத்த நிலையில் உள்ளது பழவேற்காடு. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் அது பரந்துள்ளது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு. ஏரி பெரிதாயினும் இறால் மிகுதியாகப் படும் இடங்கள் சிலவே. முகத்துவாரம் வழியே ஏறி இறங்கும் ஓதத்தின் ஓட்டம் எங்கு வலுவாக உள்ளதோ, அங்கேதான் கழி நட்டுக் கட்டும் சுத்துவலைக்குப் பயன் உண்டு. களம் சில, வலை பல. ஒருவர் வலை மற்றவர் வலைக்கு வரும் நீரோட்டத்தை மறிக்கும். முந்தி வந்தவர்க்கே இடம் என்று விட்டுவிட்டால் நள்ளிரவிலேயே படகுகள் முட்டிக்கொள்ளும், வலை அறுபடும், பகை வளரும்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் இந்நிலைக்குக் கண்ட தீர்வே படு. உரிமையுடையோர் பட்டியல் ஊரில் முன்னரே உண்டு. சீட்டு விழுந்தபடி களம் கிடைக்கும். இன்று நல்ல களம் பெற்றவர் மற்றொரு நாள் மெலிந்த களத்திற்குப் போவார். கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இதனையொத்த முறைகள் வழங்கி வந்துள்ளன. இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. பட்டினவர் நெரிசலைத் தீர்க்க வேகமான படகைத் தேடவில்லை. வருகையின் ஒழுங்கை மாற்றினர்.

நெரிசலின் கணக்கு

இணையதளம் ஒன்றை நாம் திறக்கும்போது நம் வேண்டுகோள் தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறியைச் சென்றடைகிறது. கேட்டதை வழங்குவதால் அதனை வழங்கி என்பர்; பேச்சு வழக்கில் சர்வர். வழங்கியின் உள்ளே பெரும்பாலும் மூன்று நிலைகள் உண்டு: வாயிலில் நின்று வேண்டுகோளை வாங்குவது, அதன்படி வேலை செய்யும் நிரல், எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் தரவுத்தளம். நெரிசல் எந்த நிலையில் ஏற்படுகிறது என்று அறியாமல் மருந்து தேடுவோர், பல்வலிக்குக் காலில் தைலம் தேய்ப்பவரை ஒப்பர்.

1961-இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் எளிய விதி ஒன்றை மெய்ப்பித்தார். ஓரிடத்தில் ஒரு நேரத்தில் நிற்போர் தொகை, நொடிக்கு வருவோர் தொகையை ஒவ்வொருவரும் அங்குச் செலவிடும் நேரத்தால் பெருக்கக் கிடைக்கும். நொடிக்கு 1000 பேர் வருகின்றனர். ஒருவர் வேலை 0.2 நொடியில் முடிகிறது எனின் உள்ளே நிற்போர் 200 பேர். தரவுத்தளம் சற்றுத் தளர்ந்து அதே வேலைக்கு 5 நொடி ஆகிறது என்க. வருவோர் தொகை ஒருவர் கூடக் கூடவில்லை. ஆயினும் உள்ளே நிற்போர் 5000 ஆகிவிடுவர். காத்திருந்து சலித்தவர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவதால் வருகையும் பெருகும். தளங்கள் மெல்லத் தளராமல் திடீரென வீழ்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இனி, உள்ளே நிற்போரை வழங்கி எவ்வாறு கவனிக்கிறது என்பதைக் காண்போம். 1995-இல் தோன்றிய அப்பாச்சி, தன் பழைய அமைப்பில், வருவோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஒரு பணியாளை அமர்த்தும். ஏரியைக் கடக்க வந்தவர் கரையில் நின்று கதை பேசி முடிக்கும் வரை, அவருக்கென ஒரு படகோட்டி துடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதற்கு இது நிகர். பயணிகள் நூறு பேராயின் தாங்கும். பதினாயிரம் பேராயின் படகோட்டிகளுக்கே கரையில் இடம் இராது. 1999-இல் டான் கேகல் என்பார் ஒரே கணிப்பொறி பதினாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எவ்வாறு என்னும் சிக்கலை விரித்துரைத்தார். உருசியரான இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அச்சிக்கலுக்கு நல்ல விடையாக அமைந்தது. அதில் சில பணியாட்களே உண்டு. யார் ஆயத்தமாக உள்ளாரோ அவரை மட்டும் கவனித்து, மற்றவரைக் குறித்து வைத்து நகர்வர். 2009-இல் ரையன் தால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் இம்முறையை நிரல் எழுதுவோர் கைக்கே கொண்டுவந்தது.

எர்லாங் என்னும் மொழியின் வரலாறு சுவையானது. தொலைபேசி நெரிசலைக் கணிதத்தால் ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்ட டென்மார்க்கு அறிஞர் எர்லாங் பெயரை அது தாங்குகிறது. எரிக்சன் நிறுவனத்தில் 1986 அளவில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக அது உருவாயிற்று. ஒரு பணியாள் வீழ்ந்தால் அவன் மட்டுமே வீழ்வான்; மேற்பார்வையாளன் வேறொருவனை அவ்விடத்தில் நிறுத்துவான். இம்மொழியின் துணையால் வாட்ஸ்அப் 2012-இல் ஒரே வழங்கியில் 20 இலட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. பின்னர் சாவா மொழியும் 2023-இல் தன் 21-ஆம் பதிப்பில் மிக இலேசான மெய்நிகர் இழைகளைச் சேர்த்துக்கொண்டு, இத்திறனுக்கு அருகில் வந்துவிட்டது.

இவற்றைக் கேட்டவுடன் 'எர்லாங்கையே வாங்குவோம்' என்று முடிவு செய்தல் அவசரம். நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முதலில் ஆராய வேண்டும்.

படிப்பதும் பதிவதும்

2023 ஜூலை 14-ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கியது. இறங்கும் காட்சியை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். தளம் வீழவில்லை. இதில் மாயம் ஏதுமில்லை. காண்போர் அனைவர்க்கும் காட்சி ஒன்றே. ஆதலின் அதனைப் படியெடுத்துப் பல ஊர்களிலுள்ள வழங்கிகளில் வைத்துவிட்டால் போதும். அவரவர்க்கு அருகிலுள்ள வழங்கி தரும். தேர்வு முடிவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பத்தாம் வகுப்பில் ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர் எழுதினாலும், மதிப்பெண் வெளியிட்ட பின் மாறுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களாக்கிப் பல இடங்களில் வைக்கலாம். இத்தகைய தளம் வீழுமாயின் குறை திட்டமிடுதலில் உள்ளது. மொழியின் மீதோ மேடையின் மீதோ பழிபோடுதல் முறையன்று.

தொடர்வண்டி இருக்கை அத்தகையதன்று. ஓர் இருக்கையை இருவர்க்குத் தர இயலாது. ஒருவர் பதியும் வரை அவ்வரி பூட்டப்படும், மற்றவர் நிற்பர். வாயிலை எத்துணை அகலப்படுத்தினும் உள்ளறைக் கதவு ஒன்றுதான். இரயில்வேயின் இணையச் சீட்டுத் தளம் 2014-இல் புதுப்பிக்கப்பட்டபோது நிமிடத்திற்கு 2000 சீட்டாக இருந்த அதன் திறன் 7200 ஆக உயர்த்தப்பட்டது என அறிவித்தனர். அதன் பின்னரும் தட்கல் நெரிசல் தீரவில்லை. 2015-இல் குளிர்சாதன வகுப்பிற்குக் காலை 10 மணி, மற்ற வகுப்பிற்கு 11 மணி என நேரத்தைப் பிரித்தனர். இயந்திரம் வாங்குவதோடு நில்லாமல் முறை மாற்றியது இது. பட்டினவர் கேட்டால், 'இதைத்தானே நாங்கள் செய்கிறோம்' என்பர்.

2021-இன் கோவின் தளம் இதனினும் கடுமையான பாடம். ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை 4 மணிக்கு 18 வயது நிறைந்தோர்க்குப் பதிவு திறந்தபோது தளம் சற்றுத் தடுமாறி மீண்டது. அன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். பொறியியல் நோக்கில் அது பெருமைக்குரிய செயலே. ஆனால் தடுப்பூசி குறைவாக இருந்தமையால் இடம் தோன்றிய சில நொடிகளில் மறைந்தது. நிரல் எழுதத் தெரிந்த நகரத்து இளைஞர் இடம் திறப்பதை உடனறியும் கருவிகளை ஆக்கிக்கொண்டனர். கைப்பேசியில் அலைவரிசை தள்ளாடும் குப்பத்து மனிதர்க்கு அப்பந்தயத்தில் என்ன வாய்ப்பு? உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு மே மாத இறுதியில் இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டியது. முந்தி வந்தவர்க்கே முன்னுரிமை என்னும் விதி நடுநிலையானது போலத் தோன்றும். உண்மையில் அது வேகமான இணைப்பு உடையவர்க்குச் சாய்ந்த தராசு.

சீட்டு முறை இதற்கு மாற்றாகும். நம் குடும்பங்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஹஜ் விண்ணப்பம். இந்திய ஹஜ் குழு பல நாள் அவகாசம் தந்து விண்ணப்பம் பெறுகிறது. இடத்தினும் விண்ணப்பம் மிகுந்தால் குர்ஆ எனப்படும் குலுக்கல். முதல் நாள் விண்ணப்பித்தவரும் கடைசி நாள் விண்ணப்பித்தவரும் குலுக்கலில் சமம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டு இடங்களுக்கும் தமிழ்நாட்டில் விண்ணப்பம் மிகும்போது குலுக்கலே கையாளப்பட்டு வந்துள்ளது. முதல் நொடியில் பாயத் தேவையில்லாதபோது மக்கள் பாய்வதில்லை, வழங்கியும் மூச்சுவிடுகிறது.

படு முறையைக் குறையற்றதென்று கூறுவதற்கில்லை. பட்டியலில் பெயர் உள்ளவர்க்குள்தான் அந்தச் சமத்துவம். பட்டினவர் அல்லாத ஏரிக்கரை மக்கள் நல்ல களங்களுக்கு வெளியே நின்றமையும், அதனால் பூசல் எழுந்தமையும் மறைக்கத்தக்கன அல்ல. முகத்துவாரம் மணல் மூடி அடைபடும் ஆண்டில், எத்துணை நேர்மையாகச் சீட்டுப் போட்டாலும் இறால் வருவதில்லை. இணையத்திலும் அவ்வாறே, குலுக்கல் இடத்தைப் பங்கிடுமேயன்றிப் பெருக்காது.

கல்லூரி ஒன்று சேர்க்கைத் தளம் அமைக்க விரும்பினால் யான் கூறுவது இதுவே. புதுமைப் பெயர்களைத் துரத்த வேண்டா. வாயிலில் என்ஜின்எக்ஸ், பாடத்திட்டம், கட்டணம், அறிவிப்பு ஆகிய மாறாத பக்கங்களை அதுவே வழங்கட்டும். உள்ளே பிஎச்பியோ சாவாவோ, நம் ஊரில் பழுது நீக்க ஆள் கிடைக்கும் எதுவாயினும் ஆகுக. நள்ளிரவில் தளம் வீழ்ந்தால் எழுப்பி உட்கார்த்த ஓர் ஆள் அருகில் இருப்பது, மொழியின் வேகத்தினும் பெரிது. தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் எனின், அது தானாகத் தரும் இணைப்பின் வரம்பு 100. வந்தவரையெல்லாம் நேரே அதனிடம் அனுப்பாமல், சில இணைப்புகளையே சுழற்சியில் பயன்படுத்தும் இடைநிலை வேண்டும். மிகுந்து வருவோர்க்கு 'உங்களுக்கு முன் இத்தனை பேர் உள்ளனர்' என்று காட்டி நிறுத்துவது, வெற்றுத் திரையைக் காட்டுவதினும் மரியாதை. மின்னஞ்சல், குறுஞ்செய்தி அனுப்புதல் போன்றவற்றை உடனே செய்யாமல் வரிசையில் இட்டுப் பின்னர் முடிக்கலாம்.

கடைசித் தேதியை எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாளாக வைப்பது நெரிசலைக் காசு கொடுத்து வாங்குவதாகும். துறைவாரியாகப் பிரிக்க வேண்டும். பாதி நிரப்பிய படிவம் அறுந்த இணைப்போடு அழிந்துபோகாமல் பக்கத்திற்குப் பக்கம் சேமிக்கப்பட வேண்டும். ஒளிப்படத்தை மாணவர் அனுப்பும் முன்னரே கைப்பேசியில் சுருக்கிவிடும் வசதி வேண்டும். தளத்தைத் திறப்பதற்கு இரு வாரம் முன் ஜேமீட்டர் போன்ற இலவசக் கருவியால் ஆயிரம் பொய் விண்ணப்பதாரரை ஏவிச் சோதிக்கலாம். அதன் பின்னர் ஒரு மாணவரை விலை குறைந்த கைப்பேசியுடன் பழவேற்காட்டிற்குப் பேருந்தில் அனுப்பி, ஏரிக்கரையில் நின்று ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து முடிவு வரை நிரப்பச் சொல்ல வேண்டும். எங்கே நின்றது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அவர் எழுதிக்கொண்டு வரும் தாளை முன்வைத்து மென்பொருளாரிடம் பேச்சைத் தொடங்கலாம்.