மாத்திரையும் சோறும்

அன்புள்ள யாழினிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நல்ல சாப்பாடு கொடுத்தால் காசநோய் 39 சதவீதம் குறைகிறதாம். அதன் கீழே, “அப்போ மாத்திரை எதுக்கு சித்தப்பா?” என்று கேட்டிருந்தாய். மாத்திரையும் வேண்டும், சோறும் வேண்டும் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்கிறவளுக்கு அந்த ஒரு வரி போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையம் வருமே, அந்தப் பெயருக்குக் காரணம் காசநோய்தான். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, படுக்கையில் ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். மருந்துகள் வந்த பிறகும் நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகள் பல லட்சம். அத்தனை பேருக்கும் கட்டிலுக்கு எங்கே போவது?

1956-இல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதுதான் வேர். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமையில் அங்கே ஒரு சோதனை நடந்தது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடித்தனமும் அரைவயிற்றுச் சாப்பாடும்தான்.

ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தினருக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடுமோ என்றும் ஐந்தாண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதிலும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு உலகமே காசநோயாளியை வீட்டில் வைத்துக் குணப்படுத்தத் தொடங்கியது.

அந்தச் சோதனை சொன்னது, மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீட்டிலிருந்தே கிருமியை அடக்கலாம் என்பதை மட்டும்தான். ஆனால் பலர் அதிலிருந்து ஒரு படி தாவி, அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு இல்லாதவனுக்கு நோய் வருமா, வந்தால் உயிர் பிழைப்பானா என்பவை வேறு கேள்விகள். அவற்றை அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

அவற்றைக் கேட்டது நீ அனுப்பிய செய்தியில் உள்ள ஆய்வு. 2019-இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் தொடங்கி, முடிவுகள் 2023-இல் வெளியாயின. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. முன்னின்று நடத்தியவர்கள் மருத்துவத் தம்பதியரான அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். நோயாளிக்கு மாதம் ஒரு பை: அரிசி 5 கிலோ, பருப்பு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரை கிலோ, எண்ணெய் அரை லிட்டர், கூடவே வைட்டமின் மாத்திரை. இது எல்லா நோயாளிகளுக்கும் கிடைத்தது. வித்தியாசம் குடும்பத்தில்தான். ஒரு பக்கத்தில் வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். மறுபக்கத்தில் குடும்பத்துக்கு இல்லை.

உணவு கிடைத்த 5,602 பேரில் 96 பேருக்கு நோய் வந்தது. கிடைக்காத 4,712 பேரில் 122 பேருக்கு. அதாவது நூற்றுக்கு 1.7, நூற்றுக்கு 2.6. இந்த ஒப்பீட்டை ஆய்வாளர்கள் தங்கள் முறைப்படி கணக்கிட்டபோது வந்த எண்தான் உன் செய்தியில் இருக்கும் 39. நூறு பேரில் 39 பேரைக் காப்பாற்றினார்கள் என்று அதைப் படித்துவிடாதே. அவர்களே இன்னொரு கணக்கும் போட்டிருக்கிறார்கள்: சுமார் 30 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒரு புதிய நோயாளியைத் தவிர்க்கலாம். கேட்க எண் சிறுத்துவிட்டதுபோல் இருக்கும். அரிசியும் பருப்பும் கொடுத்துப் பெற்ற பலன் என்று நினைத்துப் பார், அது சின்ன எண் இல்லை.

அதே ஆய்வில் நோயாளிகள் 2,800 பேர். சிகிச்சை தொடங்கும்போது ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ, பெண்களுக்கு 36.1 கிலோ. உன் தம்பி ஆறாம் வகுப்பில் இருந்த எடை, பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் எடையாக இருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோவில் 5 சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை.

இங்கே கொஞ்சம் உஷாராக இரு. நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கிடைத்ததால், கிடைக்காதவர் என்று ஒப்பிட யாரும் இல்லை. உணவால் எடை கூடிப் பிழைத்தார்களா, தேறிவந்ததால் எடை கூடியதா என்பதை இந்த எண் மட்டும் தீர்த்துவிடாது. குடும்பத்தினர் பற்றிய முடிவுக்கு இருக்கும் பலம் இதற்கு இல்லை. ஒரே ஆய்வில் இருந்தாலும் எல்லா எண்ணும் ஒரே தரம் இல்லை.

இனி உன் மாத்திரைக் கேள்விக்கு வருகிறேன். வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய் உண்டு. அதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஊசியும் உண்டு, அதனால் காது கேட்காமல் போனவர்களும் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லைனசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என நான்கு மருந்துகள், ஆறே மாதம், ஊசியே இல்லை. புதிய முறையில் 89 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு, பழைய முறையில் 52. பழைய முறை தோற்றதற்குப் பெரிய காரணம், மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்ததுதான். 2024-இல் இந்தியாவும் இந்த முறைக்கு அனுமதி கொடுத்தது. கிருமியைக் கொல்ல மாத்திரைதான் வேண்டும். சோறு அதைச் செய்யாது.

புதிய கருவியும் புதிய மருந்தும் மட்டுமே முன்னேற்றம் என்று நினைத்துவிடாதே. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடன் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எவ்வளவு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. நிலைமை மோசம் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். 1956 சோதனை வீடு போதும் என்று சொன்னது உண்மை. எழுந்து நிற்கவே முடியாதவருக்கு அது பொருந்தாது என்பதும் உண்மை.

ஆகவே யாழினி, புற்றுநோயோ சர்க்கரையோ இதயமோ, இனி எந்த மருத்துவச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேள். எதை எதோடு ஒப்பிட்டார்கள்? எதை எண்ணினார்கள்? யாரிடம் சோதித்தார்கள்? அடுத்த செய்தியை எனக்கு அனுப்பும்போது இந்த மூன்றுக்கும் பதிலை நீயே கீழே எழுதி அனுப்பு. பதில் கிடைக்காத செய்தி என்றால் யாருக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
சித்தப்பா