ஆறு பேருக்கு எந்தக் கார்?

எங்களிடம் ஸ்விஃப்ட் இருக்கிறது. அப்பா, அம்மா எங்களோடு இருக்கிறார்கள். இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. பெரிய கார் வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

வாங்குங்கள். ஐந்து இருக்கையில் ஆறு பேர் என்றால், கடைசியில் குழந்தை மடிக்குத்தான் வரும். கார் எதிலாவது மோதினால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. கைக்குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். அதைப் பொருத்த காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் நல்லது.

ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். மூன்றாம் வரிசைக்கு ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. நடுவரிசையில் குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டால், அந்தப் பக்கம் வழியும் அடைபடும். அதனால் நடுவில் இரண்டு தனி இருக்கைகள் உள்ள ஆறு இருக்கை மாடல் (எக்ஸ்எல்6 போல) உங்களுக்குத் தோதுப்படும். பாட்டி பக்கத்தில் கைக்குழந்தை, பின்னால் மனைவியும் மூத்த பிள்ளையும். டிக்கி சிறிதாகத்தான் இருக்கும்; எர்டிகாவிலேயே மூன்று வரிசையும் விரித்தால் 209 லிட்டர்தான். ஊருக்குப் போகும்போது மேலே கேரியர் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் வாங்கக் கடன் எடுத்தால், அதை 5 ஆண்டுக்கு மேல் இழுக்காதீர்கள். 10 லட்சத்துக்கு 9% வட்டி என்றால், 7 ஆண்டுக் கடனில் வட்டி மட்டும் சுமார் ஒரு லட்சம் கூடுகிறது. அந்தப் பணம் பிள்ளைகளுக்கு ஆகட்டும்.