அடிக்குறிப்பை வெற்றெழுத்தாக மாற்றும் முறை

ஆய்வாளர் எடுத்தாளும் மேற்கோளுக்கு உரியவர் யார் என்பதை அடிக்குறிப்பே காட்டுகின்றது. சொற்செயலியில் நாம் இடும் அடிக்குறிப்புகள் தாமே எண்ணிட்டுக் கொள்வன. அவை உரையோடு ஒன்றாகக் காட்சியளிப்பினும் உரையின் பகுதியல்ல. 2007 முதல் வேர்டு மென்பொருளில் வழங்கும் டாக்எக்ஸ் கோப்பு, சிறு கோப்புகள் பலவற்றின் கட்டாகும். அதனுள் உரை ஒரு கோப்பிலும் அடிக்குறிப்புகள் வேறொரு கோப்பிலும் தங்குகின்றன.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றுவோர், உரையைப் பகுதி பகுதியாகப் படியெடுத்து மாற்றியில் இடுவர். அவ்வேளையில் அடிக்குறிப்புகள் பின்தங்கிவிடுவதுண்டு. சான்று நீங்கிய மேற்கோள் எழுதியவரின் சொந்தக் கூற்றாகத் தோன்றும். பிறர் உழைப்பைக் கவர்ந்த பழியும் வந்து சேரும். எனவே உரையை இடம்பெயர்க்குமுன் குறிப்புகளை வெற்றெழுத்தாக்குதல் இன்றியமையாதது.

முதற்கண், திருத்தங்கள் யாவும் முடிந்த பின்னர்க் கோப்பின் படியொன்றில் இப்பணியைத் தொடங்குதல் வேண்டும். வெற்றெழுத்தாகிவிட்ட எண், இடையில் புதுக்குறிப்புச் சேர்ந்தால் தானே மாறாது.

இரண்டாவதாக, 'மேலது' என வரும் குறிப்புகளை விரித்தெழுதுதல் வேண்டும். ஐந்தாம் குறிப்பில் நூற்பெயரும் ஆறாம் குறிப்பில் 'மேலது, ப. 42' என்பதும் இருப்பதாகக் கொள்வோம். ஐந்தாவது விடுபட்டால், ஆறாவது நான்காம் குறிப்பின் நூலைச் சுட்டிவிடும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு தானியங்கு எண்ணின் அருகிலும் அதே எண்ணைப் பகர அடைப்புக்குள் [1], [2] எனத் தட்டச்சிடுகிறோம். குறிப்புகளை இயலின் இறுதியில் அவ்வெண்களோடு வரிசைப்படுத்துகிறோம். அதன் பின்னரே தானியங்கு எண்களை நீக்குகிறோம். முதல் எண்ணை நீக்கியவுடன் இரண்டாவது முதலாவதாகிவிடும். ஆதலின் கடைசி எண்ணிலிருந்து முன்னோக்கி நீக்குதலே குழப்பம் தராது.

குறிப்புகள் நூற்றுக்கணக்கில் இருப்பின் மேக்ரோ என்னும் கட்டளைத் தொடர் உதவும். அதுவும் கடைசிக் குறிப்பிலிருந்தே தொடங்குமாறு அமைதல் வேண்டும். எழுத்தை மட்டும் எடுக்கும் மேக்ரோவால் நூற்பெயர்களின் சாய்வெழுத்து மறையும். அதனை மீண்டும் இட்டுக்கொள்ள வேண்டும்.

நிறைவாக, மூலக்கோப்பின் குறிப்புகளையும் படியின் குறிப்புகளையும் எண்ணி ஒப்பிடுதல் வேண்டும். தொகை ஒத்திருப்பினும், இயலுக்குச் சில குறிப்புகளையேனும் மூலத்தோடு வைத்துப் படித்துப் பார்த்த பின்னரே ஆய்வேட்டை அச்சுக்கு அனுப்புதல் தக்கது.