டவர் வரையும் வட்டம்

திருச்செந்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு செல்போன் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டுமானால், முதலில் அது வாய் திறக்க வேண்டும். ரேடியோ அலை எதையும் வெளியிடாத கருவியை எந்த டவராலும் எந்தச் செயற்கைக்கோளாலும் தேடிப் பிடிக்க முடியாது. பையில் சும்மா கிடக்கும் போன் பெரும்பாலும் டவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்குமே தவிர, தானாகப் பேசுவது குறைவு. பல டவர்களைச் சேர்த்து நெட்வொர்க் ஒரு வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வட்டாரத்தைத் தாண்டி அடுத்ததில் நுழையும்போதும், இடையிடையே குறித்த நேரங்களிலும், ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று போன் பதிவு செய்கிறது. அழைப்பு வந்தால் அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் ஒருசேரக் கூப்பிடுகின்றன. பதில் எந்த டவருக்குப் போகிறதோ, அதன் எல்லைக்குள் போன் இருக்கிறது. அதுவரை நெட்வொர்க்குக்குத் தெரிந்ததெல்லாம் திருச்செந்தூர்ப் பக்கம் எங்கோ என்ற அளவுக்குத்தான்.

பேச்சோ டேட்டாவோ ஓடத் தொடங்கியதும் கணக்கு நெருங்குகிறது. டவரின் உச்சியில் பொதுவாக மூன்று பக்கம் பார்த்த ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 பாகைக்குக் காது கொடுக்கும். எந்த ஆன்டெனா கேட்டது என்று தெரிந்தால் திசை தெரிந்துவிடும். தூரம் நேரத்திலிருந்து வருகிறது. ரேடியோ அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும்; ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அந்த ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர். தொலைவில் இருக்கும் போனின் அலை தாமதமாக வந்து இன்னொரு போனின் முறையில் மோதக் கூடாது என்பதற்காக, ‘இவ்வளவு முந்தி அனுப்பு’ என்று ஒவ்வொரு போனுக்கும் டவர் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளைக்குள்தான் தூரம் இருக்கிறது. 2ஜியில் அதன் ஒரு படி சுமார் 550 மீட்டர். 4ஜியில் சுமார் 78 மீட்டர். சிக்னலின் வலிமையை வைத்தும் தூரத்தை ஊகிக்கலாம். ஆனால் ஒரு சுவரோ, ஒரு பேருந்தோ, போன் வைத்திருப்பவரின் உடம்போகூட அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு டவர் தரும் தூரம் ஒரு வட்டத்தைத்தான் வரையும். இரண்டு டவர்களின் வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது வட்டம் அவற்றில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். உள்நாட்டு ஊர்களில் இது ஒழுங்காக நடக்கும். திருச்செந்தூர்க் கரையில் சிக்கல் உண்டு. கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே முழுக்கக் கடல், அங்கே டவர் கிடையாது. காயல்பட்டினத்தில் ஒன்று, திருச்செந்தூரில் ஒன்று, குலசேகரன்பட்டினத்தில் ஒன்று என்று கரையோரமாகவே டவர்கள் கேட்டால், அவை கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கின்றன. அப்போது மூன்றாவது வட்டமும் அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகள் வழியாகவே போகும்: ஒரு புள்ளி கடலில், அதன் கண்ணாடி பிம்பம் போல இன்னொன்று கரைக்கு மேற்கே. கடலைப் பார்த்த ஆன்டெனா கேட்டதா, ஊரைப் பார்த்த ஆன்டெனா கேட்டதா என்பதுதான் வழக்கைத் தீர்க்கும்.

இந்தக் கரையின் மீனவர்களுக்கு இந்த வடிவியல் புதிதல்ல. கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்வரை படகைச் செலுத்துவார்கள். ஒரு கோபுரமும் அதன் பின்னே ஒரு மரமும் போதும். வேறொரு திசையில் இன்னொரு ஜோடி நேராகும் இடத்தில் நின்றால் படகு பாருக்கு மேலே. பார்களில் நடந்த முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நின்றுபோனாலும், மீன்பாருக்கு வழி கண்டது இந்த முறையில்தான். இரண்டு கோடுகளும் செங்கோணத்துக்கு நெருக்கமாக வெட்டினால் இடம் சரியாக அமையும். சரிவாக உரசிச் சென்றால் பிழை நீளும். டவர்க் கணக்குக்கும் இதே விதிதான். கடலுக்குள் தொலைவில் போகப் போக, கரையோர டவர்களின் வட்டங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. தெரியும் இடம் ஒரு நீண்ட கீற்றாகிவிடும்.

2ஜிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அந்த ‘முந்தி அனுப்பு’ கட்டளையில் 0 முதல் 63 வரைதான் படிகள். 63ஐ 550ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதற்கப்பால் சிக்னல் வலுவாகக் கேட்டாலும் சாதாரண 2ஜி டவரால் பேச முடியாது. கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போகும் படகுக்குச் செல்போனைத் துணையாக நம்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிபிஎஸ் வேறு வகை. ‘ஜிபிஎஸ் ஆனில் இருந்தால் போலீஸ் கண்டுபிடித்துவிடும்’ என்று பேருந்திலும் டீக்கடையிலும் சொல்லப்படுவது பாதிதான் உண்மை. ஜிபிஎஸ் கருவி கேட்க மட்டுமே செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ‘இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் சொல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துத் தன் இடத்தைக் கருவி தானே கணக்கிடுகிறது. மூன்று போதாதா என்றால், போனின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அதன் பிழையைக் களையத்தான் நான்காவது. இந்தியாவின் நாவிக் அமைப்பும் இப்படித்தான் இயங்குகிறது. கணக்கிட்ட இடம் போனுக்குள்ளேயே கிடக்கும்; அது வெளியே போக வேண்டுமானால் டேட்டா போன்ற வேறொரு தொடர்பு வழி வேண்டும்.

படகில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டி ஓட்டுநருக்கு வழி சொல்லும். படகு மூழ்கினால் யாரிடமும் சொல்லாது. அதற்காகத்தான் இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் மீன்பிடிப் படகுகளில் பயன்படுகிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சென்று, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். 2024 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘செய்தி கிடைத்துவிட்டது’ என்று படகுக்குப் பதிலும் அனுப்புகிறது. பழைய கருவியில் இல்லாத அந்த ஒரு வரிப் பதில், நடுக்கடலில் காத்திருப்பவருக்கு எவ்வளவு பெரிதென்று சொல்லத் தேவையில்லை.

திருடுபோன பொருளை ரேடியோ வழியே துரத்திப் பிடிக்கும் வேலை அமெரிக்காவில் முன்பே தொழிலாகிவிட்டது. லோஜாக் என்ற நிறுவனம் 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய முறையில், காருக்குள் ஒரு சிறிய வானொலிப் பெட்டி ஒளித்து வைக்கப்படும். திருட்டுப் புகார் வந்ததும் வானொலிக் கட்டளை அதை எழுப்பும், அது 173.075 மெகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கும். போலீஸ் காரின் கூரையில் நான்கு ஆன்டெனாக்கள். எந்தப் பக்கத்திலிருந்து அலை வருகிறது என்பதை உள்ளே இருக்கும் கருவி காட்ட, அந்தத் திசையில் ஓட்டிக்கொண்டே போவார்கள். வரைபடமும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். மூடிய கொட்டகைக்குள் ஜிபிஎஸ் செத்துப்போகும். இந்த நீண்ட அலை ஓரளவு வெளியே கசியும். முழு இரும்புப் பெட்டி என்றால் எல்லா அலைக்கும் தடைதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களில் கண்காணிப்புக் கருவி பொருத்தினால், அதன் ஆன்டெனா வெளியே தலைகாட்டியாக வேண்டும்.

பொருளோடு சேர்த்து வைக்கும் ஏர்டேக் போன்ற சிறு வில்லைகள் இன்னொரு வகை. அவற்றில் ஜிபிஎஸும் இல்லை, சிம்மும் இல்லை. சில பத்து மீட்டர் தூரத்துக்குக் கேட்கும் புளூடூத் அலையில் ஒரு மாறும் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். வழியில் போகும் யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தன் இடத்தைச் சேர்த்து, உரியவர் மட்டும் திறக்கும்படி பூட்டி அனுப்பிவிடும். போனின் சொந்தக்காரருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே இதன் திறமை முழுக்கக் கூட்டத்தைப் பொறுத்தது. சூரசம்ஹாரத் திருவிழாவன்று கடற்கரையில் தவறவிட்ட பை சில நிமிடங்களில் வரைபடத்தில் தெரியலாம். அதே பையைக் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் வீசிவிட்டால், யாராவது போனோடு அந்தப் பக்கம் போகும்வரை அது ஊமைதான்.

வரைபடத்தில் தெரியும் நீலப் புள்ளியை நம்பி யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. அமெரிக்காவில் லாஸ் வேகஸ் அருகே வசித்த ஒருவரின் வீட்டுக்கு, ‘என் போனைக் கொடு’ என்று முன்பின் தெரியாதவர்கள் மாறி மாறி வந்து சண்டையிட்ட செய்தி 2013இல் வெளியானது. அவரிடம் எந்தப் போனும் இல்லை. டவர் கேட்ட பரப்பு முழுவதையும் ஒரே புள்ளியாகச் சுருக்கியதில், அந்தப் புள்ளி அவர் வீட்டின் மேல் விழுந்துவிட்டது. நம் ஊரிலும் புள்ளியை அப்படி நம்ப முடியாது. கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதால், திருச்செந்தூரில் போன்கள் வெளியே ஒப்படைக்கப்படுகின்றன. காணாமற்போன ஒரு போன் அந்த ஒப்படைப்பு அறையில் இருக்கிறதா, நாழிக்கிணற்றருகே இருக்கிறதா, தங்கும் விடுதியில் இருக்கிறதா என்று டவர்க் கணக்கால் பிரித்துச் சொல்ல இயலாது.

இந்தியாவில் போன்கள் திரும்பக் கிடைப்பது இப்படித் துரத்திப் போவதால் அல்ல, ஐஎம்இஐ எண்ணால். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க எண் உண்டு. *#06# அழுத்தினால் திரையில் வரும். முதல் 8 இலக்கங்கள் போனின் மாதிரியையும், அடுத்த 6 அந்தத் தனிக் கருவியையும் குறிக்கும். கடைசி இலக்கம் மற்றவை சரிதானா என்று சோதிக்க. சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. நெட்வொர்க்கில் சேரும்போது போன் இதையும் சொல்லியாக வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சிஇஐஆர் பதிவேடு இந்த எண்களை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. 2019இல் சில மாநிலங்களில் தொடங்கிய அது, 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளம் வழியாக நாடு முழுவதற்கும் வந்தது.

போலீஸில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐயைப் பதிந்தால் அந்தப் போன் இந்திய நெட்வொர்க் எதிலும் வேலை செய்யாது. யாராவது அதில் புது சிம் போட்டால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு டவரும் வட்டமும் தேவையே இல்லை: சிம் வாங்கியவரின் பெயரும் முகவரியும் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன. பல நேரங்களில் அவர் திருடராக இருப்பதில்லை. மலிவாகக் கிடைத்ததென்று பழைய போனை பில் இல்லாமல் வாங்கியவராக இருப்பார். தூத்துக்குடி மாவட்டக் காவல்துறை இப்படி மீட்ட போன்களை அவ்வப்போது உரியவர்களிடம் ஒப்படைக்கிறது. போனைப் பிரித்து உதிரிப் பாகங்களாக விற்றுவிட்டாலோ, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாலோ இந்த வழி அடைபடும். ஐஎம்இஐயைத் திருத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்தவரின் டவர் விவரத்தைத் தனிமனிதர் யாரும் கேட்டு வாங்க முடியாது. சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே நிறுவனங்கள் கொடுக்கும். அவற்றின் கையும் எல்லையற்றதல்ல. ஜாமீனில் போகிறவர் தன் இருப்பிடத்தை எந்நேரமும் கூகுள் மேப்பில் போலீஸுக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புளூடூத் வில்லையை ஒருவர் பையில் அவருக்குத் தெரியாமல் போட்டு வேவு பார்ப்பதும் நடந்ததால்தான், அந்நிய வில்லை கூடவே வந்தால் எச்சரிக்கும் வசதி இப்போது ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது.

போன் கைக்குத் திரும்பியதும் ஒரு வேலை மிச்சமிருக்கும். சஞ்சார் சாத்தியில் பதிந்தபோது கிடைத்த கோரிக்கை எண்ணைக் கொண்டு அதே தளத்தில் தடையை நீக்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாவிட்டால், மீட்கப்பட்ட போன் சொந்தக்காரரின் சிம்மையும் ஏற்காது.

அன்புடன்,
அண்ணன்