விடியலை வெட்டிவிடு, தம்பி



உன் நாகமலை நாவலின் பதினொரு அத்தியாயங்களையும் படித்து முடித்தேன். கூடவே வைத்திருந்த கடிதத்தையும் படித்தேன். தவணை வசூல் வேலை, மாதக் கடைசியில் டார்கெட், மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை பைக்கிலேயே அலைச்சல், முதல் பத்து நாளில்தான் எழுத உட்கார முடிகிறது, மூன்று வருஷத்தில் இவ்வளவுதான் ஆயிற்று என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதியிருக்கிறாய். இனி அப்படி ஒரு கடிதத்தை யாருக்கும் வைக்காதே. மெதுவாக எழுதுவதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் அத்தியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலை தூக்கத்தில் புரளப் போகிறது. அது யாருக்கும் தெரியாது. கிடையில் படுத்திருக்கும் செம்மறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அசைபோடுவதை நிறுத்துகின்றன. அந்தச் சத்தம் நின்றதில்தான் ஆடு மேய்க்கும் கீதாரிக்கு விழிப்பு வருகிறது. தம்பி, அந்த இரண்டு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாயக்கதை எழுதுகிறவர்கள் யாரிடமும் இப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. சமணர்கள் ஏவிய யானையும் நாகமும் பசுவும் மலையாகிப் போனதைத் திருவிளையாடல் புராணம் சொல்கிறது. ஆனைமலையையும் நாகமலையையும் பசுமலையையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தப் பாம்பு சாகவில்லை, தூங்குகிறது என்று நினைக்க உனக்குத்தான் தோன்றியிருக்கிறது.

இப்போது என்னை எரிச்சல்படுத்திய விஷயம். பதினொன்றில் ஒன்பது அத்தியாயங்கள் விடியலில் தொடங்குகின்றன. கீழ்வானம் சிவக்கிறது, சேவல் கூவுகிறது, கோட்டைக் கதவு கிறீச்சிடுகிறது. ஐந்தாவது தடவை சேவல் கூவியபோது தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்த விடியல் உன் இளவரசனுக்கு வந்தது இல்லை, உனக்கு வந்தது. இருபது நாள் கழித்து நோட்டைத் திறக்கிறாய். விட்ட இடம் ஆறிப் போயிருக்கிறது. ஒரு சூரியனை உதிக்க வைத்துக் கையைப் பழக்கிக்கொள்கிறாய். அடுத்த பத்தியில் யார் யாருக்கு மாமன், எந்தக் கோட்டை யார் கையில் என்று முன்கதை சொல்கிறாய். அதுவும் வாசகனுக்காக இல்லை, உனக்கே மறந்து போனதால். எழுதும்போது எழுதிக்கொள், தப்பில்லை. முடித்த பிறகு விடியலில் தொடங்கும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் இரண்டு பத்தியை வெட்டு. ஒன்பதையும் பென்சிலால் அடித்துப் பார்த்தேன், ஓர் இடத்தில்கூடக் கதை குறையவில்லை.

இன்னொன்றும் செய். அத்தியாயத்தை முடித்துவிட்டு நோட்டை மூடாதே. ஒருத்தி கேள்வி கேட்டு, மற்றவன் பதில் சொல்ல வாயெடுக்கிற இடத்தில் நிறுத்து. தவணை கேட்டு நிற்கிற வாசல்களில் எல்லாம் அந்தப் பதில் உனக்குள் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது சேவல் தேவைப்படாது.

வேலையோடு எழுதுவது பற்றி நீ கேட்டதால் சொல்கிறேன். ப. சிங்காரம் இதே மதுரையில், தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் பல பத்தாண்டுகள் தனியாகவே வாழ்ந்தார். இளம் வயதில் கடல் கடந்து போய் மேடானில் பார்த்த கடைத்தெருவும் யுத்தமும் அவருக்குள் அப்படியே இருந்தன. ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ நெடுநாள் காத்துக் கிடந்து 1972இல்தான் அச்சேறியது. இரண்டே நாவல்கள். நாளிதழ் வேலையின் அவசரத்தில் எழுதிய ஒரு வரியைக்கூட அந்தத் தோணியில் காண முடியாது. மதுரைக்கு வரும் இளைஞர்களை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம். அந்த மனிதர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று காட்ட நமக்குத் தோன்றுவதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சு. வெங்கடேசன் கட்சியின் முழுநேர வேலைக்கு நடுவே பத்து வருஷம் எழுதி 2008இல் ‘காவல் கோட்ட’த்தைக் கொண்டுவந்தார். ஜெயமோகன் ‘விஷ்ணுபுரம்’ எழுதியது தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபடிதான். டோல்கீன் 1937 டிசம்பரில் தொடங்கிய கதையின் முதல் பாகம் 1954இல் வெளிவந்தது. இடையில் அவர் ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். போதும். உன் மூன்று வருஷத்தை இனி எண்ணாதே.

இனி என் பழைய பாட்டு. உன் நாகநாட்டில் முப்பதாயிரம் குதிரை இருக்கிறது. ஏழு கோட்டை இருக்கிறது. ஒரு கண்மாய் இல்லை! அத்தனை பேரும் எதைத் தின்கிறார்கள்? மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் உன் பைக் ஒரு கண்மாய்க் கரையில்தான் ஏறி இறங்குகிறது. கதையில் மட்டும் தண்ணீர் எங்கிருந்தோ வந்து குடத்தில் நிறைந்துவிடுகிறது.

பொதுப்பணித் துறையில் நான் சேர்ந்த புதிதில் ஒரு கார்த்திகை மாதம். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய், விடாத மழை. ராத்திரி கரையில் நீர்பாய்ச்சிப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். அரிக்கேன் விளக்கு என் கையில். வெளிச்சம் வேண்டாம் சார், கால் சொல்லும் என்றார். ஓர் இடத்தில் நின்று குதிகாலை அழுத்தினார், மண் உள்வாங்கியது. அங்கேதான் மணல் மூட்டை போட்டோம். ஆனால் உண்மையான சண்டை கரையில் இல்லை, மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கில் இருந்தது. கலுங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகை வைத்து மண் அணைத்தால் தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறி நிற்கும். கீழே ஆயக்கட்டுக்காரர்களுக்கு அது இன்னொரு தடவை பாய்ச்சல். மேலே உள்வாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கோ பயிர் மூழ்கும். ஒரு முழப் பலகைக்காக இரண்டு ஊர் ஆட்கள் அரிவாளோடு எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் மகளை மற்றவர் வீட்டில் கட்டிக் கொடுத்தவர்கள்தான். விடியும்வரை பெரியவர் நடுவில் உட்கார்ந்து பேசினார். பாதிப் பலகை என்று முடிந்தது.

உன் சிம்மாசனப் போரைப் படித்தபோது அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது. யார் மகன் யார் முடியைப் பறித்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் பதற்றம் வரவில்லை. உன் கையில் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது, நீ பார்க்கவில்லை. மலை புரண்டால் ஓடைகள் திசை மாறும், தம்பி. மலையில் விழுகிற மழைதானே வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வருகிறது? பாம்பு வடக்கே ஒரு சுருள் புரண்டால் தெற்கே பத்து ஊர்க் கண்மாய் காய்ந்து போகும். நேற்றுவரை தரிசாகக் கிடந்த ஊர் நஞ்சையாகும். எந்த அரசனுக்கு நெல் வருகிறது, எவன் கடனாளியாகிறான் என்பதெல்லாம் ஒரே ராத்திரியில் மாறிவிடும். அப்புறம் பாம்பை எழுப்ப ஓர் ஊரும் தூங்க வைக்க ஓர் ஊரும் பூசை போடும். வறண்ட ஊரில் தவணை கேட்டுப் போனால் வாசலில் என்ன பதில் வரும், யார் கட்டிலுக்கு அடியில் ஒளிவார்கள் என்று உனக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஏழாம் அத்தியாயம் எழுதியவனுக்கு இது கஷ்டமே இல்லை.

அந்தக் கீதாரியை எட்டாம் அத்தியாயத்தில் ஏன் கொன்றாய்? ஆட்டுக்குத் தண்ணீர் எங்கே என்று நாடெல்லாம் நடந்து தேடக்கூடியவன் அவன் ஒருவன்தான். முடிந்தால் அவனைப் பிழைக்க வை.

ஐப்பசியில் மழை பிடித்ததும், மாத முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. உன் பைக்கிலேயே போவோம். வரத்துக்கால் எந்த மலையிலிருந்து இறங்குகிறது, மடை எங்கே, மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று நடந்து காட்டுகிறேன். நோட்டைக் கொண்டு வராதே, செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்