சிறாரைத் தாக்கும் லூபஸ் நோய்

ஐதராபாத் நகரின் நிலோபர் மருத்துவமனை 1953ஆம் ஆண்டில் தாய்சேய் நலனுக்கெனத் தொடங்கப் பெற்றது. அந்நகரிலேயே நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மூட்டு, இணைப்புத்திசு நோய்களுக்கெனத் தனித்துறை இயங்கி வருகிறது. இத்தகைய மருத்துவமனைகளை நாடிவரும் சிறார் நோய்களுள் லூபஸ் அரிதானது. எனினும் கவனிக்கத் தவறினால் உயிருக்கே ஊறு விளைவிப்பது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பாற்றல், தன் சொந்த உறுப்புகளையே பகையாகக் கொள்வதே இந்நோயின் இயல்பு. இது தொற்றுநோயன்று. நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்னரே இது தோன்றுகிறது. பூப்பெய்தும் பருவத்துச் சிறுமியரே மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர். ஐந்து வயதுக்குள் காண்பது மிக அரிது.

நீடித்த காய்ச்சல், மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்தல், இரத்தசோகை ஆகியன தொடக்க அறிகுறிகள். கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி விரித்த சிறகு போன்ற செந்தடிப்பு தோன்றலாம். ஆனால் எல்லோரிடத்தும் அது தோன்றுவதில்லை. கருநிற மேனியில் அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாகப் படர்வதும் உண்டு. டைபாய்டும் காசநோயும் மலிந்த நம் நாட்டில் காய்ச்சலுக்கு அவற்றையே முதலில் ஐயுறுவது இயல்புதான். ஆயினும், இவ்வாறு கழியும் வாரங்களில் சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதுபடுகிறது. லூபஸ் கண்ட சிறாருள் பாதிப்பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வலி எதுவும் இராது. முகமும் கால்களும் வீங்கும் முன்னரே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிவிடும். மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யத்தக்க எளிய சிறுநீர்ச் சோதனை இதனைக் காட்டிக் கொடுக்கும். நோயை உறுதி செய்யும் எதிர்ப்பொருள் சோதனையும் சிறுநீரகத் திசுச் சோதனையும் அதன் பின்னரே.

1950களில் இந்நோய் கண்டோருள் பாதியளவினரே நான்கைந்து ஆண்டுகள் உயிர் வாழ்ந்தனர். இன்று நல்ல சிகிச்சை கிட்டுமிடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அக்காலத்தைக் கடக்கின்றனர். ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, மைக்கோபினோலேட் ஆகிய மருந்துகள் இதற்குத் துணை நின்றன. ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியா மருந்தாக அறிமுகமானது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்ததும் அண்டை நகரான செகந்தராபாத்திலேயே என்பது ஒரு தற்செயல் ஒற்றுமை.

எனினும், தற்காப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் தொற்றுக்கு இடமளிக்கின்றன. நம் நாட்டில் நோயின் தீவிரத்தோடு தொற்றும் இறப்புக்கு முக்கியக் காரணமாகிறது. ஆதலின் சிகிச்சையிலுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஸ்டீராய்டால் முகம் உப்புவதும் வளர்ச்சி குன்றுவதும் கண்டு வெட்கி, மாத்திரையை மறைவாக நிறுத்திவிடும் சிறுமியர் உண்டு. திடீரென நிறுத்துவது பேராபத்து. அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு. அதனைச் சிறுமியிடமே நேரில் விளக்குவது, பெற்றோரிடம் மட்டும் கூறுவதினும் பயன் தரும்.

திருமணத்தையும் மகப்பேற்றையும் இந்நோய் தடுப்பதில்லை. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பின்னர் கருத்தரிப்பதே பாதுகாப்பானது. சைக்ளோபாஸ்பமைடு, மைக்கோபினோலேட் ஆகியவற்றை முன்கூட்டியே மாற்றிவிடுவர். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கருவுற்ற காலத்திலும் தொடரலாம்.